மடியில் ஏந்தினால் மட்டும் போதுமா?

பெற்ற பிள்ளையை வளர்ப்பது இயற்கை, பெறாத பிள்ளையை வளர்ப்பது அறம் என்று நம்மவர் சொல்வதுண்டு. அதைச் சொல்லும்போது நம் குரலில் ஒருவகைப் பெருமிதம் தொனிக்கும். அப்பெருமிதம் தகாது என்று கூற நான் வரவில்லை. ஆயினும் அறம் என்பது ஒருநாட் காரியமா, ஆயுட்காலக் காரியமா என்று கேட்க விரும்புகிறேன். அக்கேள்வியை என்னுள் எழுப்பியவர் ஒரு மூதாட்டி.

ஜோகூர்த் தோட்டமொன்றில் கிராணியாக வேலை பார்க்கும் நான், சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன் சாமான் வாங்கச் சிங்கப்பூர் சென்றிருந்தேன். தேக்கா சந்தையில் கூட்டம் நெரிந்தது. எனக்கு முன்னே எண்பது வயதை எட்டிய ஒரு சீன மாது முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நூற்சேலை, மூக்குத்தி, நெற்றியிலே திருநீறு. இவற்றைக் கண்டும் என் மூளை வேலை செய்யவில்லை. சற்று வழிவிடுமாறு மலாய் மொழியில் கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "தமிழிலேயே கேளப்பா. எனக்கு அதுதான் தாய்ப்பாஷை" என்றார்.

வெட்கித் தலைகுனிந்து, அவர் பையைச் சுமந்து பஃபலோ சாலை வரை உடன் நடந்தேன். யுத்தம் முடிந்த காலத்தில், பால்மணம் மாறாத சிசுவாக ஒரு தமிழ்க் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டவர் அவர். வளர்த்த தாயைப்பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் கண்கள் பனித்தன. பின்னர் ஒன்று சொன்னார்: "அம்மா கண்மூடிய அன்று, வாய்க்கரிசி போடப் போன என்னைச் சொந்தக்காரர்கள் தள்ளி நிற்கச் சொன்னார்கள், தம்பி. நாற்பது வருஷம் மகளாயிருந்தேன். அன்று ஒரு மணி நேரம் அயலாளாய் நின்றேன். எனக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை."

அந்த ஒரு மணி நேரத்தைப்பற்றியதே இக்கட்டுரை.

நம் நூல்கள் கூறுவது

பிறர் பெற்ற பிள்ளையை ஏற்பதும், ஏற்றபின் கைவிடுவதும் நமக்குப் புதியவையல்ல. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதையை யாவரும் அறிவர். ஈன்றவள் சாலி என்பாள் அவனைத் தோட்டத்திலே விட்டுச் சென்றாள். பசுவொன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்னும் அந்தணன் கண்டெடுத்து, மகனென்று கொண்டுசென்று, கல்வியும் கற்பித்தான். இம்மட்டும் அறமே. ஆனால் பிள்ளை வளர்ந்து, வேள்விக்குக் கட்டியிருந்த பசுவைக் காக்க முற்பட்டபோது ஊரார் சினந்தனர். அவன் பிறப்பின் கதை அம்பலத்துக்கு வந்தது. வளர்த்த தந்தையே அவனை வீட்டைவிட்டு வெளியேற்றினான். பசுவுக்கிருந்த நன்றியும் பரிவும் படித்த மனிதனுக்கு இல்லாமற்போயின. குழந்தையைக் கண்டெடுத்த கை, இளைஞனுக்குச் சோதனை வந்த வேளையில் விலகிக்கொண்டது.

கர்ணன் கதை வேறொரு பாடம். தேரோட்டி அதிரதனும் அவன் மனைவி ராதையும் ஆற்றில் வந்த குழந்தையை அன்போடு வளர்த்தனர். அவர்களிடத்தில் குறை காண யாராலும் இயலாது. ஆனால் அவனுடைய பிறப்பின் உண்மையை அறிந்தவர்கள் அதனை எப்போது சொன்னார்கள்? பாரதப் போர் மூளப்போகும் தறுவாயில், அவனால் தங்களுக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தபோது சொன்னார்கள். வாழ்நாள் முழுதும் "நீ யார் மகன்?" என்ற ஏளனத்தைத் தாங்கியவனுக்கு, விடை ஆயுதமாக வந்ததேயன்றி ஆறுதலாக வரவில்லை. அந்நிலையிலும் அவன் ராதையின் மகனாகவே நின்றான் என்பது வளர்த்த அன்பின் வலிமைக்குச் சான்று. உண்மை தெரிந்தால் பிள்ளை நம்மை விட்டுப் போய்விடும் என்று அஞ்சும் பெற்றோர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இவ்விரண்டுக்கும் மாறாக நிற்பவர் கபிலர். பறம்பு மலைப் பாரி மாண்டபின், அவன் மகளிர் இருவரையும் தம் பொறுப்பென ஏற்று, விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று, மணமுடித்துக்கொள்ளுமாறு வேண்டினார். இருவரும் மறுத்தனர். அவமானத்தைப் பொறுத்துக்கொண்டாரேயன்றி, சோறிட்டாயிற்று, என் கடமை தீர்ந்தது என்று அவர் ஒதுங்கவில்லை. அம்மகளிரைத் தக்கார் கையில் ஒப்படைத்த பின்னரே தம் முடிவைத் தேடிக்கொண்டார். துணை என்றால் இதுவே துணை.

சாத்திரமும் சட்டமும்

நம் பழைய சாத்திரங்கள் சுவீகாரத்தைப்பற்றி விரிவாகவே பேசுகின்றன. ஆனால் அவற்றின் நோக்கம் பிள்ளையின் நலமன்று, தந்தையின் கருமம். பிண்டம் போடவும் குலம் விளங்கவும் ஓர் ஆண்பிள்ளை வேண்டும். அப்பிள்ளையும் தன் சாதியிலேயே பிறந்திருக்கவேண்டும். பெண்ணைத் தத்தெடுக்கும் உரிமையை அச்சாத்திரங்கள் பொதுவாக ஏற்கவில்லை. சென்னை மாகாணத்தில் பெண்குழந்தைகளைத் தத்தெடுக்கும் வழக்கம் பெரிதும் தேவதாசி முறைக்கே பயன்பட்டது. அதனை எதிர்த்துப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார், ஆதரவற்ற பெண்களுக்காக 1930-ஆம் ஆண்டில் ஔவை இல்லத்தை நிறுவினார். இந்தியாவில் இந்துக்கள் பெண்குழந்தையையும் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்ற நிலை 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே நாடெங்கும் நிலைபெற்றது.

ஆங்கிலேயரும் இவ்விஷயத்தில் நமக்கு வெகுவாக முந்தியவர்களல்லர். 1926-ஆம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்தில் தத்தெடுத்தலுக்குச் சட்டமே கிடையாது. அச்சட்டத்தைத் தழுவி, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை அடங்கிய தொடுவாய்க் குடியேற்றங்களில் 1939-ஆம் ஆண்டில் பிள்ளைகளைத் தத்தெடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. நீதிமன்றம் ஆணை வழங்கும். பதிவேட்டில் பெயர் ஏறும். பெற்றோரின் உரிமை நீங்கி, வளர்ப்போரின் உரிமை பிறக்கும். நன்று. ஆனால் அச்சட்டத்தின் கவனம் ஆணை பிறக்கும் நாளோடு முடிந்தது. அதற்குப் பின்வரும் அறுபது எழுபது ஆண்டுகளை அது குடும்பத்தின் நல்லெண்ணத்திற்கே விட்டுவிட்டது.

சிங்கப்பூரில் கைமாறிய குழந்தைகள்

சட்டம் வருமுன்னரே சிங்கப்பூரில் குழந்தைகள் கைமாறிக்கொண்டிருந்தனர். விக்டோரியா வீதியில் பிரெஞ்சுக் கன்னியர் 1854-ஆம் ஆண்டில் தொடங்கிய கான்வெண்டின் சிறு வாயிலருகே கைக்குழந்தைகள் கூடையிலும் துணியிலும் வைத்துச் செல்லப்பட்டனர். அவ்வாயிலுக்கு நம்பிக்கை வாயில் என்று பெயர் வழங்கிற்று. 1983-ஆம் ஆண்டில் பள்ளி அங்கிருந்து நீங்கியது. இன்று அக்கட்டடத்தில் உணவகங்கள் நடைபெறுகின்றன. வாயிலைக் காண்போர் உள்ளே வந்த குழந்தைகளை மட்டுமன்றி, வைத்துவிட்டுத் திரும்பி நடந்த தாய்மாரையும் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

விடப்பட்டவர்களுள் பெரும்பாலோர் சீனப் பெண்குழந்தைகள். வறுமை ஒரு காரணம். ஆண்பிள்ளை மோகம் மற்றொரு காரணம். புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்பதுபோன்ற சோதிட மூடநம்பிக்கை மூன்றாவது காரணம். நம்மவர் சிரிக்க வேண்டாம். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று சொல்லும் நாம், அவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தகுதியுடையவர்களல்லர்.

சீனரிடையே மூய்சாய் என்றொரு வழக்கமும் இருந்தது. ஏழைப் பெண்ணைப் பணங்கொடுத்து வாங்கி, வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு, பெயருக்கு வளர்ப்பு மகள் என்பார்கள். இதனைத் தடுக்க 1932-ஆம் ஆண்டில் இங்குச் சட்டம் பிறந்தது. ஏற்கெனவே இருந்த மூய்சாய்ப் பெண்களைப் பதிவு செய்து, கூலி கொடுக்கவும் அது கட்டளையிட்டது. ஆயினும், "இவள் வேலைக்காரியல்லள், என் மகள்" என்று சொல்லித் தப்புவோர் இருந்தனர். ஆகவே 1936-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கத்தார் ஹாங்காங்கிலும் மலாயாவிலும் விசாரிக்க மூவர் கொண்ட குழுவொன்றை நியமித்தனர். குழுவினருள் ஒருவர் எடித் பிக்டன் டர்பர்வில் என்னும் அம்மையார், பார்லிமெண்டில் தொழிற்கட்சி அங்கத்தினராயிருந்தவர். மற்றை இருவரும் மூய்சாய் முறையளவில் நின்றுகொண்டனர். அம்மையாரோ தனித்து ஓர் அறிக்கை எழுதினார். பெயர் மகளாயினும் வேலைக்காரியாயினும், பெற்றோரை விட்டுக் கைமாறிய பெண்குழந்தை ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட்டுக் கண்காணிக்கப்படவேண்டும் என்பது 1937-ஆம் ஆண்டில் வெளியான அவ்வறிக்கையின் சாரம்.

இதில் பொதிந்த கருத்தை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். வளர்ப்பவர் நல்லவரா கெட்டவரா என்பதன்று முதற் கேள்வி. ஒரு குழந்தை தன்னை ஈன்ற இடத்தைவிட்டு வேறோரிடம் வந்திருக்கிறது, அதன் நிலையை யாராவது தொடர்ந்து கேட்கவேண்டும் என்பதே கேள்வி. சந்தேகத்தினாற் பிறந்த கண்காணிப்பு, காலப்போக்கில் பரிவினாற் பிறந்த துணையாக வளர்ந்திருக்கலாம். ஆனால் 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஏடுகளும் திட்டங்களும் ஒருபுறம் கிடக்க, உயிர் பிழைப்பதே பெரும்பாடாயிற்று.

தமிழ் வீட்டுச் சீனப் பெண்கள்

அந்நாட்களிலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் சீனக் குழந்தைகள் பலர் தமிழர் இல்லங்களுக்கும் மலாய்க்காரர் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தனர். மருத்துவச்சியோ அண்டை வீட்டாரோ இடைநின்று பேசுவர். சில வேளைகளில் ஒரு சிறு தொகை கைமாறும். பல வேளைகளில் கண்ணீர் மட்டுமே கைமாறும். பிள்ளையற்றவர் பிள்ளைக்காக ஏற்றனர். ஆண்மக்களே உள்ளவர் பெண் வேண்டி ஏற்றனர். வந்த பெண் நம் வயிற்றுக்கும் வழிகாட்டுவாள் என்று நம்பி ஏற்றவரும் உண்டு. லட்சுமி என்றும் மேரி என்றும் பெயரிட்டனர். தமிழ் பேச, தமிழில் அழ, தமிழில் வைய அக்குழந்தைகள் கற்றன. சிராங்கூன் சாலைக் கோயில்களில் தாயின் விரலைப் பற்றி நடந்தன.

சீர்திருத்தம் பேசும் நாம் பல மேடைகளில் முழங்கிச் சாதிக்காததை, எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் அடுக்களையிலே சாதித்தனர். பிறப்பினால் மனிதர் வேறுபடுவர் என்ற பொய்யை, ஒரு சங்குப் பாலினால் உடைத்தனர். ஆனால் இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. வேற்றினப் பெண்ணை மகளென்று தூக்கிய அதே கை, அடுத்த லயத்து அநாதைத் தமிழ்க் குழந்தையைத் தூக்குமுன் "என்ன சாதி?" என்று கேட்டதில்லையா? சீனக் குழந்தைக்குச் சாதியில்லை, ஆகவே தீட்டுமில்லை என்று கணக்குப் போட்டவர்களும் நம்மிடையே இருந்திருப்பார்கள். அதை மறைப்பதில் பயனில்லை.

நிற்க. அக்குழந்தைகள் குழந்தைகளாகவே இருந்துவிடவில்லை. வளர்ந்தார்கள். வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்கள் பிறப்பு அவர்களை எதிர்கொண்டு நின்றது.

முதலாவது, பள்ளிக்கூடம். முகமொன்று, பெயரொன்று. "நீ ஏன் உன் அம்மாவைப்போல் இல்லை?" என்று சக பிள்ளை கேட்கும். வீட்டிலே விடை சொல்லியிராவிட்டால் வீதி விடை சொல்லும். வீதி சொல்லும் விடையில் கருணை இராது.

இரண்டாவது, ஆவணம். நீதிமன்ற ஆணையின்றி வாய்ச்சொல்லால் ஏற்கப்பட்டவர் பலர். 1948-ஆம் ஆண்டில் அடையாள அட்டை முறை வந்தபோதும், பின்னர் குடியுரிமை, வேலை, விவாகப் பதிவு என்று ஒவ்வொன்றாக வந்தபோதும், "தகப்பன் பெயர் என்ன, இனம் என்ன?" என்ற இரண்டு கட்டங்கள் அவர்களுக்கு இரண்டு மதில்களாயின.

மூன்றாவது, விவாகம். அருமை மகளென்று வளர்த்த வீட்டாரே சம்பந்தம் பேசும் நாளில் தயங்குவர். பிள்ளை வீட்டார் குலம் கேட்பர். அப்போது வளர்த்தவர் பக்கத்தில் ஒரு சங்கத்தாரோ ஒரு பெரியவரோ நின்று, "இவள் இவ்வீட்டுப் பெண்" என்று சொல்லுவது எத்துணைப் பெரிய உதவி!

நான்காவது, மரணமும் சொத்தும். வளர்த்தவர் உயிரோடிருக்கும்வரை அவள் மகள். அவர் மறைந்தால் உறவினர் வாயில் அவள் "எடுத்து வளர்த்தவள்". தேக்காவில் நான் கண்ட மூதாட்டிக்கு நேர்ந்தது இதுவே.

ஐந்தாவது, முதுமை. மருத்துவர் கேட்கிறார்: "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருதய நோய் உண்டா?" எண்பது வயதுத் தாயாரும், அருகில் நிற்கும் மகனும், பேரப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கின்றனர். ஒரு குழந்தை கைமாறியதன் கேள்வி மூன்றாந் தலைமுறையிலும் எழுகிறது. அதனாலேயே தத்துப்பிள்ளைக்கு மட்டுமன்று, அவர் குடும்பத்தாருக்கும் துணை வேண்டும் என்கிறோம்.

1950: ஒரு பெண்ணும் ஒரு நகரமும்

துணையின்றி விடப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கு இந்நகரையே தீக்கிரையாக்கிய வரலாறும் உண்டு. மரியா ஹெர்தோ என்னும் டச்சுப் பெண் 1937-ஆம் ஆண்டில் ஜாவாவில் பிறந்தாள். ஆபுத்திரன் மறுபிறவி எடுத்து அரசனானதாகக் காப்பியம் கூறும் அதே சாவகம். ஜப்பானியர் ஆட்சியில் தந்தை சிறைப்பட்டார். 1942-ஆம் ஆண்டின் இறுதியில் குழந்தை அமீனா என்னும் மலாய் மாதிடம் சேர்ந்தாள். வளர்க்கவே கொடுத்தார்கள் என்றார் அமீனா. சில நாள் வைத்திருக்கவே அனுப்பினேன் என்றார் ஈன்ற தாய். எழுத்தில் ஒன்றுமில்லை. நாத்ரா என்ற பெயரோடு, மலாய் பேசி, இஸ்லாமிய நெறியில், திரங்கானுவின் கெமாமானில் அப்பெண் வளர்ந்தாள். 1949-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டு, 1950-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நீதிமன்றத்திற்குக் கொண்டுவரப்பட்டாள்.

மே மாதத்தில் ஒரு தீர்ப்பு அவளைப் பெற்றோரிடம் தந்தது. ஜூலையில் மற்றொரு தீர்ப்பு அமீனாவிடம் திருப்பியது. ஆகஸ்டு முதல் தேதி, பதின்மூன்றே வயதான அவளுக்கு மணம் முடித்து வைத்தார்கள். டிசம்பர் 2-ஆம் தேதி நீதிபதி பிரவுன் அத்திருமணம் செல்லாதென்று கூறி, பெற்ற தாயிடம் ஒப்படைக்குமாறு ஆணையிட்டார். அவளைக் கன்னியர் மடத்தில் வைத்தனர். அங்கு எடுத்த புகைப்படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. முஸ்லிம் மக்களின் மனம் கொதித்தது. டிசம்பர் 11 முதல் 13 வரை நிகழ்ந்த கலகத்தில் 18 பேர் மாண்டனர், 173 பேர் காயமுற்றனர். சுல்தான் பள்ளிவாசல் வட்டாரம் நம் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து செல்லும் தூரமே.

இவ்வழக்கைப் பற்றி எழுதினோர் அரசியலைக் கண்டனர், மதத்தைக் கண்டனர், காலனி ஆட்சியின் கண்மூடித்தனத்தைக் கண்டனர். எல்லாம் உண்மையே. நான் காண்பது அவ்வளவு பெரிதன்று. இரு தாயரும், இரு நாட்டாரும், இரு மதத்தாரும், மூன்று தீர்ப்புகளும் "இவள் யாருக்குரியவள்?" என்றே கேட்டனர். "இவளுக்கு இனி என்ன வேண்டும்?" என்று கேட்டு, அதற்கு ஒரு வழி செய்தவர் எவர்? அறியாத மொழி பேசும் ஹாலந்து நாட்டில் அவள் இறக்கப்பட்டாள். அமீனாவோ இப்பாலேயே இருந்து 1976-ஆம் ஆண்டில் மறைந்தார். மரியா 2009-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி, எழுபத்திரண்டாம் வயதில் ஹாலந்தில் காலமானார். தீர்ப்பு ஒரு நாளையது. அதனைச் சுமந்து வாழ்ந்த ஆண்டுகள் ஐம்பத்தெட்டு.

உலகம் கற்ற பாடம்

உலகம் மெல்ல மெல்லப் பாடம் கற்றது. இங்கிலாந்தில் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தினால், வளர்ந்த தத்துப்பிள்ளைகள் தம் மூலப் பிறப்புப் பதிவைக் காணும் உரிமை பெற்றனர். 1989-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமை ஒப்பந்தம், இயன்ற அளவில் தன் பெற்றோரை அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்றது. சிங்கப்பூர் அவ்வொப்பந்தத்தில் 1995-ஆம் ஆண்டில் சேர்ந்தது. நாடுகளிடையே நடைபெறும் தத்தெடுத்தலுக்கென 1993-ஆம் ஆண்டில் ஹேக் நகரில் உருவான ஒப்பந்தம், தத்தெடுத்த பின்னும் ஆலோசனையும் துணையும் கிடைக்க வழி செய்யவேண்டுமென அரசாங்கங்களைப் பணித்தது.

கற்காத பாடங்களுக்கு மன்னிப்பும் கேட்கப்பட்டது. மணமாகாத தாய்மாரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்ததற்காக 2013-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பிரதமர் பார்லிமெண்டில் மன்னிப்புக் கோரினார். இலங்கை, இந்தோனேசியா முதலிய ஐந்து நாடுகளிலிருந்து தத்தெடுத்ததில் நிகழ்ந்த முறைகேடுகளை 2021-ஆம் ஆண்டில் டச்சு விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. தென்கொரியாவின் உண்மை ஆணையம் 2025-ஆம் ஆண்டில், அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளின் ஆவணங்கள் திரிக்கப்பட்டதைக் கண்டு சொல்லிற்று. இவ்விசாரணைகளை எழுப்பியவர்களுள் முன்நின்றோர், வளர்ந்து பெரியோரான தத்துப்பிள்ளைகளே. குழந்தையாக இருந்தபோது அவர்களுக்காக மற்றவர் பேசினர். பெரியோரானபின் அவர்களே பேசினர்.

சிங்கப்பூரில் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2022-ஆம் ஆண்டில் புதுச் சட்டம் நிறைவேறி, 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தத்தெடுக்க விரும்புவோர் தகுதியுடையவரா என்று முன்னதாகவே மதிப்பிடப்படுகின்றனர். அதனினும் முக்கியமாக, பிள்ளையிடம் உண்மையை எவ்வாறு சொல்வது என்பதுபற்றிய விளக்கக் கூட்டத்தில் அவர்கள் கலந்துகொள்ள வேண்டும். எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், "ஆணை பிறந்தால் முடிந்தது" என்ற எண்ணம் மாறத் தொடங்கியிருக்கிறது. வரவேற்போம். ஆனால் சட்டம் செய்யக்கூடியது பாதி. மற்றப் பாதி நம் கையிலிருக்கிறது.

என் குற்றமும் நம் கடமையும்

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கிராணி வேலைக்கு வந்த புதிதில், எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு தம்பதியர் கைக்குழந்தை ஒன்றை ஏற்றனர். ஆங்கிலம் படித்தவனென்று என்னிடம் யோசனை கேட்டு வந்தனர். பாரங்களை நிரப்பிக் கொடுத்தேன். கொடுத்தபின் கேளாத யோசனை ஒன்றையும் கொடுத்தேன்: "பிள்ளைக்கு ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். ஊராரையும் வாயைக் கட்டச் சொல்லுங்கள்." அதை அறிவுடைமை என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில், எவரோ ஒருவர் வாயிலிருந்து அப்பெண் உண்மையை அறிந்தாள். மூன்று நாள் உண்ணவில்லை. நான்காம் நாள் என் அலுவலக வாசலில் வந்து நின்றாள். "ஐயா, என் பெயரை நீங்கள்தானே எழுதினீர்கள்? எனக்கு வேறு பெயர் இருந்ததா?" என்று கேட்டாள்.

அவளுக்கு விடை சொல்ல என்னிடம் ஒரு துண்டுக் காகிதங்கூட இல்லை. பெற்றவள் பெயரையும் ஊரையும் குறித்து வைக்கவேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ரப்பர்ப் பால் எத்தனை வாளி என்று முப்பது ஆண்டுக் கணக்கைப் பூட்டி வைத்திருக்கும் அலுவலகத்தில், ஒரு மனித உயிரின் தொடக்கத்துக்கு ஒரு வரி இல்லை.

ஆகவே அன்பர்களே, பிள்ளையை ஏற்போர் நினைவிற்கொள்ள வேண்டுவன சிலவே. பிள்ளைக்கு நினைவு தெரியும் நாள்முதல் உண்மையைக் கதைபோலச் சொல்லி வாருங்கள். ஒருநாள் இடிபோலச் சொல்லும் தேவை நேராது. பெற்றவரைப்பற்றித் தெரிந்த ஒவ்வொரு விவரத்தையும் எழுதி, பிள்ளையின் உடைமையாகக் காத்து வையுங்கள். பெற்றவளை இழித்துப் பேசாதீர்கள். அவளை இழித்தால் பிள்ளையின் பாதியை இழித்தவராவீர்கள். நீதிமன்ற ஆணை பெறுங்கள். உங்களுக்குப்பின் உறவினர் வாய் திறவாதிருக்க மரண சாசனமும் எழுதுங்கள். பிள்ளை வளர்ந்து தன்னைப் பெற்றவரைத் தேடப் புறப்பட்டால், அதனை நன்றி மறந்த செயலென்று எண்ணாமல், கூடவே நடந்து செல்லுங்கள்.

சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகத்தாருக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோறிட்டுப் படம் பிடித்துக்கொள்கிறோம். அதனோடு நில்லாமல், தத்தெடுத்த குடும்பங்கள் ஒன்றையொன்று சந்திக்க மாதமொருமுறை ஓர் அறையைத் திறந்துவிடலாகாதா? ஆவணச் சிக்கலில் தவிப்போருக்கு ஒரு வழக்கறிஞரை ஏற்பாடு செய்யலாகாதா? வளர்ந்தவர்கள், முதியவர்கள், அவர்கள்தம் மக்கள் வந்து மனந்திறந்து பேச, காது கொடுப்பார் இருவரை நியமிக்கலாகாதா? பெருஞ்செலவில்லை. வேண்டுவது நீண்ட நினைவொன்றே.

நான் சந்தித்த மூதாட்டியைப் பேருந்து நிறுத்தத்தில் விட்டு விடைபெற்றபோது, "உங்கள் பிள்ளைகள் எத்தனை பேர், அம்மா?" என்று கேட்டேன். "மூன்று" என்றார். சற்று நிறுத்தி, "ஒன்று நான் எடுத்து வளர்த்தது" என்றார். "என் கருமத்துக்கு அவள்தான் முன்னால் நிற்கவேண்டும் என்று மற்ற இரண்டு பேரிடமும் எழுதி வாங்கிவிட்டேன், தம்பி."

நம் சமூகம் செய்யத் தவறியதை அம்மூதாட்டி தனியொருவராய்ச் செய்து முடித்திருக்கிறார். இனியேனும் அவர் பின்னால் நாம் நடப்போமாக.